கும்பலை எண்ணும் விதம்: வட ஆர்க்காட்டிலிருந்து சில குறிப்புகள்

எத்தனை பேர் சேர்ந்தால் கும்பல்? கேள்வி அபத்தமாகப் படலாம். ஆனால் சட்டத்திடம் இதற்குத் துல்லியமான விடை இருக்கிறது. 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம் ஐந்து என்றது. நாலு பேர் சேர்ந்து பறித்தால் அது கொள்ளை. ஐந்தாவது ஆள் வந்து நின்றதும் கூட்டுக்கொள்ளை, தண்டனையும் வேறு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா இந்த ஐந்தை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு எண்ணைச் சேர்த்திருக்கிறது. 'திட்டமிட்ட குற்றம்' பற்றிய அதன் 111ஆவது பிரிவின்படி இரண்டு பேர் போதும். இந்த இரண்டு புதிதல்ல, 1999ஆம் ஆண்டின் மராட்டியத் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்திலிருந்து வந்தது. பம்பாயின் நிழலுலகத்துக்காக எழுதிய சட்டத்தின் வாசகம் இப்போது ஜவ்வாது மலை வரைக்கும் செல்லும்.

எண்ணுவது யார், யாரிலிருந்து எண்ணத் தொடங்குகிறார், எங்கே வந்ததும் எண்ணுவதை நிறுத்திக்கொள்கிறார் என்பதெல்லாம் வரலாற்றுக் கேள்விகள். இதைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது ஹெய்ட்டி. நம் நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் மூலையில் 'கும்பல்களின் பிடியில் ஹெய்ட்டி' என்று அவ்வப்போது எட்டு வரி வருகிறது. அந்த எட்டு வரிக்குள் ஒரு கோட்பாடே இருக்கிறது. அரசு பலவீனமானது, வெற்றிடம் உண்டானது, அதில் கும்பல் முளைத்தது. எனவே வலுவான போலீஸ், வலுவான சட்டம் வேண்டும். இடதுசாரி நண்பர்கள் சிலரும் கொஞ்சம் வருத்தம் தோய்ந்த குரலில் இதையேதான் சொல்கிறார்கள். ஹெய்ட்டியின் வரலாறு இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறது என்பது என் வாசிப்பு.

1804இல் அடிமைகள் தாங்களே போரிட்டு விடுதலை பெற்ற நாடு அது. 1825இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நின்றுகொண்டு, அங்கீகாரம் வேண்டுமானால் 15 கோடி பிராங்க் கொடு என்றன. 1838இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. விடுதலையானவர்கள், தம்மை இழந்த எசமானர்களுக்கு நட்டஈடு கட்ட வேண்டும்! அந்தக் கடனும் அதை அடைக்க வாங்கிய கடன்களும் தீர 1947 ஆனது. (தூத்துக்குடியிலோ புதுச்சேரியிலோ ஐந்து பேர் கப்பலை நிறுத்திவைத்து இதைச் செய்திருந்தால் அது கூட்டுக்கொள்ளை.) 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை நாட்டைக் கையில் வைத்திருந்தது, போகும்போது உள்நாட்டு மக்களை அடக்கத் தெரிந்த ஒரு ராணுவத்தை விட்டுச் சென்றது.

1957இல் ஆட்சிக்கு வந்த பிரான்சுவா துவாலியே அந்த ராணுவத்தை நம்பவில்லை. அதற்கு எதிர்எடையாகத் தனக்கென ஓர் ஆயுதப்படையை உருவாக்கினார். மக்கள் அதற்கு வைத்த பெயர் தொந்தோன் மக்கூத். குழந்தைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிப்போகும் பூச்சாண்டியின் பெயர் அது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. துப்பாக்கியும் பட்டமும் மட்டும் உண்டு, வயிற்றுப்பாட்டை அவற்றைக் கொண்டு அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது வசூல். அரசு பலவீனமாக இருந்ததால் இது நடக்கவில்லை. அரசு தன்னை இப்படித்தான் வலுப்படுத்திக்கொண்டது. சார்லஸ் டில்லி 1985இல் எழுதிய கட்டுரையொன்றில், போர் நடத்துவதையும் அரசு கட்டுவதையும் திட்டமிட்ட குற்றத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆபத்தை உண்டாக்கி, அதிலிருந்து காப்பதற்கும் கூலி கேட்பவனுக்கு என்ன பெயரோ அந்தப் பெயர் அரசுக்கும் பொருந்தும் என்பதே அதன் சாரம். டில்லி ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதினார்; துவாலியே அதை ஒரு தீவில் நடத்திக் காட்டியிருந்தார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1986இல் துவாலியேயின் மகன் ஓடிப்போனார். ஆயுதங்கள் ஓடிப்போகவில்லை. 1995இல் அரிஸ்தீது ராணுவத்தைக் கலைத்தார், கலைக்கப்பட்டவர்களுக்கு வேறு வழி காட்ட யாருமில்லை. அதன்பின் சேரிகளின் இளைஞர்கள் தேர்தல்தோறும் கட்சிக்காரர்களுக்கும் இறக்குமதி வணிகர்களுக்கும் தேவைப்பட்டார்கள். ஓட்டுப் போடவைக்க, போடவிடாமல் தடுக்க, ஊர்வலத்தைக் கலைக்க, துறைமுகச் சாலையைக் காவல் காக்க. 2018 நவம்பரில் லா சலீன் என்ற குடிசைப் பகுதியில் 71 பேர் கொல்லப்பட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் கணக்கிட்டன. அதற்காக 2020 டிசம்பரில் அமெரிக்கக் கருவூலத்துறை தடை விதித்தவர்கள் மூவர். ஜிம்மி ஷெரிசியே முன்னாள் போலீஸ்காரர்; மற்ற இருவரும் குடியரசுத் தலைவர் மொயீஸின் ஆட்சியில் அதிகாரிகள். அதே 2020இல்தான் ஷெரிசியே ஒன்பது கும்பல்களைக் கூட்டி 'ஜி-9' அமைத்தார். 2021 ஜூலை 7 அன்று மொயீஸ் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் கும்பல்கள் வாரூ எண்ணெய் முனையத்தை வளைத்து நாட்டின் எரிபொருளை வாரக்கணக்கில் நிறுத்தின. 2024 மார்ச்சில் தலைநகரின் சிறைகளை உடைத்து ஆயிரக்கணக்கானோரை வெளியே விட்டன. பிரதமர் ஆரியல் ஆன்ரி நாடு திரும்ப முடியாமல் பதவி விலகினார். அந்த ஓராண்டில் மட்டும் 5,600 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொன்னது. ஹெய்ட்டியில் துப்பாக்கித் தொழிற்சாலை கிடையாது. அவை பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, குறிப்பாக ஃபுளோரிடாவிலிருந்து, கப்பலேறி வருகின்றன.

அங்கே வன்முறை பரவிய விதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாடகைக்குக் கொடுத்த துப்பாக்கியைத் திருப்பிக் கேட்க எசமானனுக்குச் சக்தியில்லாமல் போனது. வாடகைக்காரன் சாலையையும் துறைமுகத்தையும் பிடித்துக்கொண்டு தானே எசமானன் ஆனான். செத்தவர்கள் பெரும்பாலும் அதே சேரிகளைச் சேர்ந்தவர்கள்.

இதை எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. இங்கே துப்பாக்கி கீழே இறங்கவே இல்லை. ஆனால் 'கும்பல்' என்ற பெயர் இறங்கியது.

வேலூரிலிருந்து தெற்கே போகும் சாலையில் கணியம்பாடி, அதைத் தாண்டிக் கண்ணமங்கலம். மேற்கே திரும்பினால் அமிர்தி, அதற்குப் பின்னால் ஜவ்வாது மலை. வடக்கே ஆந்திர எல்லைக்கு அப்பால் திருப்பதி, சந்திரகிரி, சேஷாசலம். இரண்டும் இன்று இரண்டு மாநிலங்கள். 1911 ஏப்ரல் 1 வரை இவை ஒரே மாவட்டம், வட ஆர்க்காடு. அதன் தலைமையிடம் வேலூர்கூட அல்ல, சித்தூர். கணியம்பாடிக்காரனுக்கும் சந்திரகிரிக்காரனுக்கும் ஒரே கலெக்டர். 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரலில் பட்டாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி இங்கே வந்தது, வேறு சில ஊர்கள் அங்கே போயின. எல்லைப் போராட்டத்தை நாம் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் அந்தக் கோடு இன்னொரு வேலையும் செய்தது. அதைத் தாண்டி மரம் வெட்டப் போன கூலிக்காரனை அது 'மாநிலங்களுக்கு இடையேயான கடத்தல் கும்பல்' ஆக்கியது.

சேஷாசலத்தின் அடிவாரங்களுக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து நாட்டை எடுத்துக்கொண்ட கம்பெனி, சித்தூர்ப் பாளையக்காரர்களைப் பணியவைக்க முனைந்தது. 1804இல் அவர்கள் கிளர்ந்தெழ, படை வந்து அடுத்த ஆண்டுக்குள் அடக்கியது. பாளையக்காரர்கள் ஏழைப் பங்காளர்கள் என்று நான் சொல்லவரவில்லை. காவல் கூலி என்ற பேரில் ஊர்களைக் கசக்கியவர்கள்தாம். என் அக்கறை வேறு. ஊருக்கு ஊர் வாங்கப்பட்டுவந்த காவல் கூலி கம்பெனியின் கணக்கில் மிரட்டிப் பறிப்பதாக ஆனது. அதே ஊர்களிடமிருந்து கம்பெனி வாங்கியதன் பெயர் கிஸ்தி. காவல் இழந்தவன் கள்ளன் என்று பதிவானான். தென்மாவட்டங்களில் இந்தக் கதை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது (மாவட்டம் உடைந்த அதே ஆண்டு, தற்செயல்தான்). கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. குறவர்கள் இந்தப் பக்கமெல்லாம் பதிவேட்டில் ஏற்றப்பட்டார்கள். பிறந்த குழந்தையே கும்பலின் உறுப்பினர். சட்டம் 1952இல் நாடு முழுக்க நீங்கியது, வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தன.

1982இல் தமிழ்நாடு நிறைவேற்றிய 14ஆம் எண் சட்டத்தை எல்லோரும் 'குண்டர் சட்டம்' என்கிறோம். அதன் முழுப்பெயரைப் பொறுமையாகப் படித்தால் ஒரு பட்டியல் வரும்: கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், விபச்சாரத் தொழில் செய்வோர், குடிசைப் பகுதி நில அபகரிப்போர். 1988இல் இதில் 'வனக் குற்றவாளி' சேர்ந்தார். காட்டில் கோடாலியோடு நிற்பவன் 1882இன் சென்னை வனச் சட்டத்தில் வெறும் அத்துமீறியவன். நூற்றாறு ஆண்டுகள் கழித்து அவன் குண்டருக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

ஏன் 1988? சந்தனம். ஜவ்வாது மலைச் சந்தனத்துக்குப் பேர்போனது திருப்பத்தூர் அரசுக் கிடங்கு. அந்தக் கிடங்குக்குள் போனது போக, வெளியே போனதும் நிறைய. மலையாளிப் பழங்குடியினர் வெட்டினார்கள், வாங்கியவர்கள் கீழே இருந்தார்கள். ஒருவரும் ஒளிந்து வாழவில்லை. அமிர்திப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மரம் வெட்டுவதில் ஒரு காலத்தில் பேரெடுத்தவர், என்னிடம் சொன்னார்: "சந்தனம் இருந்த வரிக்கும் நம்ம மலையிலேயே வெட்டனோம் சார். அது தீந்துபோச்சி. கை மட்டும் சும்மா இருக்குமா? மேஸ்திரி வந்தான், வடக்க மரம் இருக்குதுன்னான், போனோம். மேஸ்திரிய தெரியும். அவனுக்கு மேல இன்னா ஏதுன்னு தெரியாது. தெரிஞ்சிக்கவும் கூடாது." ஒரு தொழிலின் நிர்வாக அமைப்பு முழுவதும் இந்தப் பேச்சில் இருக்கிறது. ஆந்திரச் செம்மர வழக்குகளில் பிடிபட்டோரின் வாக்குமூலங்கள் எவ்வளவு பெருத்தாலும் ஏன் மேஸ்திரியோடு நின்றுவிடுகின்றன என்பதும் இருக்கிறது.

அதே சந்தனத்தின் பெயரால் 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் நடந்ததை இந்த வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. எண்களை மட்டும் நினைவுபடுத்துகிறேன். வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையுமாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள். ஐந்து பேர் சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை. இங்கே 269 பேர் ஒரு ஊருக்குள் புகுந்து ஆடுமாடு, தானியம், வீடு எதையும் மிச்சம் வைக்கவில்லை. எந்தப் பத்திரிகையிலாவது 'கும்பல்' என்ற சொல் வந்ததா? 'கூட்டு நடவடிக்கைக் குழு', 'சோதனை' என்ற சொற்கள்தாம் வந்தன.

செம்மரம் உலகத்திலேயே இயற்கையாக வளர்வது கடப்பை, சித்தூர், நெல்லூர், கர்நூல் பக்கத்து மலைகளில்தான். சீனத்தில் அரச குடும்பத்துத் தட்டுமுட்டுகளுக்கு ஆகிவந்த நிறம், ஜப்பானில் இசைக்கருவி. 1995 முதல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, காட்டு மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை. தடை என்றால் எல்லோருக்கும் அல்ல. 2014இன் இறுதியில் ஆந்திர அரசு பறிமுதல் கட்டைகளை உலகளாவிய மின்னேலத்தில் விற்றது. அதே கட்டை, அதே அயல்நாட்டுச் சந்தை. அரசுக் கிடங்கு வழியே போனால் வருவாய்.

2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வன அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையை நியாயப்படுத்த எதுவுமில்லை. அவர்களும் மேலிருந்து அனுப்பப்பட்ட ஆட்கள்தாம். அந்த வழக்கில் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்தார்கள், பிறகு விடுவிக்கப்பட்டார்கள். செம்மரத்துக்கென்று தனி அதிரடிப்படை வந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று அந்தப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. நூற்றுக்கு மேற்பட்ட கும்பல் கல்லாலும் கோடாலியாலும் தாக்கியது, தற்காப்புக்குச் சுட்டோம் என்றார்கள். உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வேறு கதை சொன்னார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்பது அந்தக் கதை. ஒருவர் தப்பியது பக்கத்து இருக்கையில் ஒரு பெண் இருந்ததால், இருவரையும் தம்பதி என்று போலீஸ் நினைத்துக்கொண்டதாம். உடல்கள் கிடந்த நிலையும் தீக்காயங்களும் கேள்விக்குள்ளாகி மறு உடற்கூறாய்வு வரை போனது. 'என்கவுண்டர்' என்ற சொல் இந்த வட்டாரத்துக்கு நக்சல்பாரி இளைஞர்களின் பிணங்களோடு 1980இலேயே வந்துவிட்ட சொல். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தன, அவர்கள் சேலம் மாவட்ட மலைக்காரர்கள். ஐந்து பேர்!

கொல்லப்பட்ட இருபது பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். கண்ணமங்கலத்தை ஒட்டிய வேட்டகிரிபாளையம், முருகாபாடி போன்ற ஊர்களுக்குப் பிணங்கள் வந்தன. இவை எனக்கு வரைபடப் பெயர்கள் அல்ல, எங்கள் சந்தைக்கு வந்துபோகும் ஊர்கள்.

அப்போது நடந்த அரசியலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், சில நண்பர்களுக்குக் கசக்கும். 'தெலுங்கன் தமிழனைக் கொன்றான்' என்று மேடைகள் முழங்கின. ஆந்திர பஸ்கள் நின்றன. செத்தவன் தமிழன் என்பது உண்மை, தமிழன் என்று பார்த்து இறக்கினார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவனை அங்கே அனுப்பியவன் யார்? இதே 2015 மே மாதம் காட்பாடியில் ஒரு வாடகை வீட்டில் 4 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டது. செம்மரப் பணம் என்றது விசாரணை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு கொலை நடந்து, அதன் பின்னாலிருந்த செம்மரக் கட்டைகளின் கதை வெளியே வந்து, கடைசியில் வேலூரில் பணியிலிருந்த காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளர் ஒருவரே கைதானார். எல்லாம் சேஷாசலத்துக்கு மூன்று மாதத்துக்குள். மேஸ்திரி தமிழ் பேசுகிறான், கட்டை ஏற்றிய வண்டிக்கு முன்னால் 'பைலட்' போகிறவன் தமிழ் பேசுகிறான், கிடங்குக்காரன் தமிழ் பேசுகிறான். மொழித் தேசியத்தின் கணக்கில் செத்தவன் மட்டும் தமிழனாக எண்ணப்பட்டான். அனுப்பியவன் எந்த எண்ணிக்கையிலும் வரவில்லை. ஆந்திரத்தின் மிகப்பெரிய செம்மரக் கடத்தல்காரர் என்று சொல்லப்பட்ட ஒருவர் மொரீஷியஸில் பிடிபட்டு 2015 நவம்பரில் விமானத்தில் கொண்டுவரப்பட்டார், உயிரோடு. நான் அவரைச் சுட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவரைச் சுடாமல் பிடிக்க முடிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

தோல் பகுதிக்காரனாக இன்னொரு நினைவையும் இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. சேஷாசலத்துக்கு ஒன்பது வாரம் முன்பு, 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்த 10 தொழிலாளர்கள் அந்தக் கசட்டில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துப் பையன்கள். பாலாற்றையும் கிணறுகளையும் தோல் கழிவு கெடுத்த கதையில் 1996 ஆகஸ்டிலேயே உச்சநீதிமன்றம் 'மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும்' என்று தீர்ப்பளித்திருந்தது. நிலம் உப்பாகி, விவசாயக் கூலி அற்றுப்போய், ஷூ கம்பெனிக்குப் போக முடிந்தவர்கள் போனார்கள், வயதும் படிப்பும் ஒத்துவராதவர்கள் வேறு மேஸ்திரிகளைத் தேடினார்கள். எல்லாச் செம்மரக்காரனும் இப்படிப் போனவன் என்று நான் கணக்கு முடிக்கவில்லை, மலைக்காரனின் கதை வேறு. ஆனால் ஒரே ஆண்டில் நடந்த இரண்டு சாவுகளுக்கு நம் மொழி கொடுத்த பெயர்களைப் பாருங்கள். ராணிப்பேட்டையில் நடந்தது 'விபத்து', சேஷாசலத்தில் செத்தது 'கும்பல்'. பல முதலாளிகள் சேர்ந்து, பல ஆண்டுகள், சட்டம் தெரிந்தே செய்ததை ஒரு சுவரின் தற்செயல் ஆக்கிவிட்டோம். ஒருவரையொருவர் தெரியாமல் வெவ்வேறு பஸ்களில் ஏறிய கூலிக்காரர்களுக்குத் திட்டமும் தலைமையும் நோக்கமும் கொடுத்துவிட்டோம்.

111ஆவது பிரிவுக்கு வருகிறேன். அதன்படி இரண்டு பேர் ஒரு 'குற்றக் குழு'. அந்தக் குழுவின் 'தொடர்ச்சியான சட்டவிரோதச் செயல்' எது என்பதற்கு, முந்தைய பத்து ஆண்டுகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டிருந்தால் போதும். தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்று பிரிவு சொல்லவில்லை. குழுவின் உறுப்பினன் என்றாலே குறைந்தது ஐந்தாண்டு, கூடினால் ஆயுள். கிடங்குக்காரனின் பெயரில் குற்றப்பத்திரிகை அரிது. அவன் காட்டுக்கே போவதில்லை. குற்றப்பத்திரிகை குவிந்திருப்பது வெட்டுக்காரன் பெயரில்தான், கைதாகும் இடத்தில் எப்போதும் நிற்பவன் அவன்.

கண்ணமங்கலத்தார் ஒருவர் வாய்தாவுக்காக வேலூர் வந்து திருப்பதி பஸ் பிடிப்பவர். அவரிடம் இந்தப் பிரிவைப் படித்துக்காட்டினேன். "எனக்கு மூணு கேஸ் சார். ஒண்ணு தள்ளிட்டாங்க, ரெண்டு நடக்குது. தள்ளினதும் கணக்கா?" என்று கேட்டார். பிரிவின் வாசகத்தில் அது இல்லை என்று விலக்கப்படவில்லை என்றேன். அதைத் திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னார்.